நாலு பத்துக்கு மணி கேட்ட குரல்

இதை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று பேரும் ஒரே மாதிரிதான் தலையாட்டினார்கள். "மாசமா இருந்தப்போ மனசு எதையாவது கற்பனை பண்ணியிருக்கும்" என்றார்கள். மனசு பண்ணிய கற்பனையில் முழங்காலில் ஏழு தையல் விழாது. எனக்கு விழுந்தது. இன்னும் தழும்பு இருக்கிறது. நடந்ததும் நடு ராத்திரியில் இல்லை. வெயில் அடிக்கும் சாயங்காலம், நாலு மணி பத்து நிமிஷம்.

அப்போது எனக்கு எட்டாவது மாதம். என் கணவர் டவுன் பஸ் டிரைவர். டிப்போவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக நகரத்தின் நட்ட நடுவில், பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடிக்குக் குடி வந்தோம். வாசலில் தெரு. தெரு என்றால் ஒரு கைவண்டி வந்தால் மனிதர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மேலே பார்த்தால் வானத்தைவிட வயர்தான் அதிகம். காலை ஐந்தரைக்கு ஷட்டர் தூக்கும் சத்தத்தில் தொடங்கினால், ராத்திரி வரை ஹாரன் ஓயாது.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதத்தோடு டாக்டர் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். "படி ஏறி இறங்கவே கூடாது" என்று வேறு சொல்லிவிட்டார். காலை எட்டுக்கு என் கணவர் கிளம்பினால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவார். பன்னிரண்டு மணி நேரமும் நானும் நாலு சுவரும்தான்.

பின்பக்கம் சமையலறை. அதன் ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு சுவர். நாலு பக்கமும் சுவர் சூழ்ந்து, தரையிலிருந்து மொட்டைமாடி வரை போகும் சின்ன இடைவெளி அது. எல்லா வீட்டுச் சமையலறையும் அதைப் பார்த்துத்தான் திறக்கும். கட்டடத்தில் எல்லோரும் அதைக் 'கிணறு' என்பார்கள்.

கிணற்றில் எல்லாமே கேட்கும். முதல் மாடித் தையல்காரக்காவின் மெஷின். நாலாம் மாடியில் புருஷன் பெண்டாட்டி சண்டை. யார் வீட்டுக் குழந்தைக்கு எட்டாம் வாய்ப்பாடு வரவில்லை என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனால் படியில் எதிரே பார்த்தால் யார் யாரென்று தெரியாது. அவர்களும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அந்த ஊர்நடுப் பிழைப்பு அப்படித்தான்.

குடி வந்த நாலாம் நாள் அந்தக் குரலைக் கேட்டேன்.

"மணி என்ன?"

ஆண் குரல். வயசானவர் குரல். நாக்கு தடித்த மாதிரி கொஞ்சம் இழுவை. கிணற்றின் அடியிலிருந்து வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தையல்காரக்கா மெஷினை நிறுத்தாமலே கத்தினார். "நாலு பத்து!"

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். சரியாக நாலு பத்துக்கு.

ஒருநாள் பட்டன் தைக்கத் துணி கொடுக்கிற சாக்கில் அக்காவை மேலே கூப்பிட்டுக் கேட்டேன்.

"யாருக்கா அது, தினமும் மணி கேக்குறது?"

"கீழ யாரோ தாத்தாவா இருக்கும்."

"பாத்திருக்கீங்களா?"

"இந்தக் கட்டடத்துல யாரை யாரு பாக்குறா? நான் வந்து ரெண்டு வருஷமாச்சு. கேட்டா சொல்லிட்டுப் போயிடணும். வாயில இருக்குற முத்தா கொட்டிடும்?"

அதன் பிறகு நானும் பதில் சொன்னேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஒரு துணையாகத்தான் இருந்தது. பகல் முழுக்க என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர்தானே.

இரண்டாவது வாரம் செக்கப்புக்குப் போக மெதுவாகப் படி இறங்கினேன். தரைத்தளத்தில் முன்பக்கம் காகிதக் குடோன். பின்பக்கம் ஒரே ஒரு அறை. தாத்தாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

கதவில் பூட்டு தொங்கியது. துருப்பிடித்த பூட்டு. கதவுக்கும் நிலைக்கும் நடுவே சிலந்திவலை.

அன்றைக்கும் நாலு பத்துக்குக் குரல் வந்தது.

ராத்திரி கணவரிடம் சொன்னேன். "பேய்க்கு வாட்ச் வாங்க வசதியில்லையாக்கும்" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, நான் சிரிக்காததைப் பார்த்து, "வேற மாடியா இருக்கும். கிணத்துல எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு யாரு கண்டா?" என்றார்.

எனக்குத் தெரியும். இரண்டு வாரம் அந்த ஜன்னலோரமே கிடந்தவளுக்கு எந்தச் சத்தம் எந்த மாடி என்று காது பழகியிருந்தது. மெஷின் முதல் மாடி. ரேடியோச் செய்தி இரண்டாவது மாடி. அங்கே ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தனியாக இருந்தார்.

குரல் தரையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அந்தத் திங்கட்கிழமை வரை.

திங்கட்கிழமை அது மெஷின் சத்தத்துக்குப் பக்கத்தில் கேட்டது.

புதன்கிழமை ரேடியோவுக்கும் மேலே.

நான் பதில் சொல்வதை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். கொக்கி சரியாக விழாது. ஒரு துணியை மடித்துச் செருகினேன்.

வியாழக்கிழமை. மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. மெஷின் நின்றது. ரேடியோ நின்றது. தெருவில் ஹாரன் மட்டும் தூரத்தில் கேட்டது.

ஒரே புழுக்கம். தொண்டை வறண்டது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். போன் அங்கேதான், மேல் அலமாரியில், சார்ஜில் கிடந்தது. நேரம் பார்த்தேன்.

நாலு ஒன்பது.

போனை மறுபடி அலமாரியில் வைத்தேன். செருகியிருந்த துணி கீழே கிடந்தது. ஜன்னல் திறந்திருந்தது.

"மணி என்ன?"

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்தான். ஒரு முழத் தூரம். அங்கே நிற்க ஒரு செங்கல்கூடக் கிடையாது.

நான் மூச்சுவிடவில்லை. கீழேயிருந்தும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஒன்று... இரண்டு... மூன்று...

"மணி என்ன?"

இந்த முறை எனக்குப் பின்னால்.

திரும்பினேன். கால் வழுக்கியது. அடுப்பு மேடையின் விளிம்பு முழங்காலைக் கிழித்தது. விழுந்தேன். வயிற்றுக்குள் ஏதோ இறுகியது. கால்களுக்கு நடுவே வெதுவெதுப்பாக நனைந்தது.

பின்னால் யாரும் இல்லை.

போன் எட்டாத உயரத்தில். எழுந்திருக்க முடியவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். "யாராவது வாங்க!"

கீழேயிருந்து தையல்காரக்காவின் குரல். சாவகாசமாக.

"நாலு பதினொண்ணு!"

எனக்குப் புரியவில்லை. இன்னும் பலமாகக் கத்தினேன். "அக்கா! மூணாவது மாடி! விழுந்துட்டேன்க்கா! குழந்தை..."

"நாலு பன்னெண்டு, தாத்தா!"

"அக்கா, நான்தான்! மேல வாங்க!"

மேலேயிருந்து யாரோ சிரித்தார்கள். "இன்னைக்கு என்ன, நிமிஷத்துக்கு நிமிஷம் கேக்குது பெரிசு?"

அப்போதுதான்...

அப்போதுதான் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஊர்ந்தேன். முழங்கால் ரத்தம் தரையில் கோடு போட்டது. முன்னறை. தரை வரை இறங்கிய தெரு ஜன்னல். கைக்குக் கிடைத்தது ஒரு டம்ளர். எறிந்தேன். சத்தமே இல்லை. குக்கர் மூடியை எடுத்து எறிந்தேன்.

கீழே கட்டட வாசலோரம் சாவி செய்பவர் ஒருவர் பெரிய குடை விரித்து உட்கார்ந்திருப்பார். மூடி அந்தக் குடையில் விழுந்தது.

"யார்ரா அது?" என்று கெட்ட வார்த்தையோடு நிமிர்ந்தார். ஜன்னல் கம்பிக்கு வெளியே என் கை மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். அசைத்தேன். கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டார்.

படியில் ஓடிவரும் சத்தம். கதவைத் தட்டினார்.

"யாரும்மா உள்ள?"

பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அவர் காதில் என்ன விழும்?

தரையை உள்ளங்கையால் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

பூட்டைத் திறக்க அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆம்புலன்ஸ் அந்தத் தெருவுக்குள் வராது. குடோன் ஆட்கள் இரண்டு பேரோடு சேர்ந்து, ஒரு நாற்காலியில் வைத்து மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே வந்த பிறகுதான் துணிந்து வாயைத் திறந்தேன்.

"அண்ணா, வலிக்குது."

"வலிக்குதாம்! சீக்கிரம் கதவைத் திறங்க!" என்று அவர் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கத்தினார்.

அதைக் கேட்டு அழுதேன். வலியில் இல்லை.

ஏழு இருபத்தைந்துக்கு மகள் பிறந்தாள். ஒன்றே முக்கால் கிலோ. பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

தையல்காரக்கா பார்க்க வந்தார். "அக்கா, நான் அவ்வளவு கத்தினேனே..." என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நீ கத்தவே இல்லையேம்மா. குழந்தை மேல சத்தியமா சொல்றேன். அந்தத் தாத்தா குரல்தான் கேட்டுது. மணி என்ன, மணி என்னன்னு..."

சாமான்களை எடுக்க, மகளையும் தூக்கிக்கொண்டு, நான் ஒரே ஒரு தடவை அந்தக் கட்டடத்துக்குப் போனேன். இரண்டாவது மாடியில் போஸ்ட்மாஸ்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காக நின்றிருந்தார். உட்காரச் சொன்னார். நேரே பேச்சை ஆரம்பித்தார்.

"கீழ் ரூம்ல ஒருத்தர் இருந்தாரும்மா. அச்சாபீஸ்ல புரூஃப் பாக்குறவர். தனி ஆள். மூணு வருஷம் முன்னாடி ரூமுக்குள்ளயே விழுந்துட்டார். நாலு நாள் யாருக்கும் தெரியல. அஞ்சாம் நாள்தான் கதவை உடைச்சோம்."

"அவர் யாரையும் கூப்பிடலையா சார்?"

"மணிதான் கேட்டார். நாலு நாளும், நாலு பத்துக்கு. நான்தான் பதில் சொன்னேன். மனுஷன் நல்லா இருக்காருன்னுதானே நினைப்போம்?"

பிறகு என் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆஸ்பத்திரியில அறுத்துப் பாத்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சார். நான் இதைச் சொன்னேன். நம்பவே மாட்டேன்னுட்டார். மூளையில ரத்தக் கட்டாம். விழுந்த நிமிஷமே பேச்சு போயிருக்குமாம். ஒரு வார்த்தைகூட அவரால பேசியிருக்க முடியாதாம்."

சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்ப நாலு நாளும் நான் யாருக்கும்மா பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன்?"