தாரில் எழுதிய பெயர்

எதிர் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள். வாசனையே வராத பெயிண்டாம். அந்த வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். எனக்கோ சுவர் என்றால் சுண்ணாம்பு வாசனை வர வேண்டும். வந்தால் அங்கே நிற்க முடியாது என்பது வேறு விஷயம்.

அதற்குக் காரணம் உண்டு. தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கல்லூரி. வேறெங்கும் இடம் கொடுக்காத காலத்தில் காலனிப் பிள்ளைகளுக்கென்றே, அதாவது எங்களுக்கென்றே, பாதிரியார்கள் தொடங்கியது. எண்பதுகளில் அங்கே படித்தேன். ரயிலில் யாராவது "எந்தக் காலேஜ் தம்பி?" என்பார்கள். பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது. ஜாதி தெரிந்துவிட்டதே, அப்புறம் கேட்க என்ன இருக்கிறது.

ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடித்தவனுக்குத் தனியாக ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம். அதை விடுங்கள். அந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் பின்சுவரைத்தான் சொல்ல வந்தேன். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று, ஒரு டப்பாத் தாரோடு போய் அதில் ஆளுக்கொரு பெயர் எழுதுவோம். எங்கள் பெயரை அல்ல. அப்பா பெயரோ அம்மா பெயரோ. ஊருக்குள் 'ஏய்' என்று மட்டுமே கூப்பிடப்பட்டவர்களின் பெயர்கள். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ, நாங்கள் சேரும்போதே பாதிச் சுவர் நிறைந்திருந்தது.

நான் எழுதியது 'முனியம்மாள்'. அம்மா பள்ளிக்கரணைப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து காட்டினேன்.

"இன்னாடா எழுதிகீது?"

"உன் பேரும்மா."

"அம்மாம் நீட்டா?"

முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விரலால் தடவினாள். எத்தனையோ சுவர்களுக்குக் கல் சுமந்தவள். அவள் பெயர் ஏறியது இந்த ஒன்றில்தான்.

தொண்ணூறுகளில் அதே கல்லூரியில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. பணம் கட்டிப் படிக்கும் புதுப் பிரிவுகள் வந்தன, பைக்கில் வரும் பையன்கள் வந்தார்கள். பார்வையிட ஒரு கமிட்டி வருவதாக இருந்தது. அப்போதிருந்த கல்லூரி முதல்வர் வளாகத்தைச் சுற்றிவந்து பின்சுவர் முன்னால் நின்றார்.

"என்னப்பா இது, காலேஜா பஸ் ஸ்டாண்டா? க்ளீன் பண்ணிடுங்க."

'சார், அதுல எங்க அம்மா பேரு இருக்கு' என்று சொல்லியிருக்கலாம். வேலை ஒன்றும் போயிருக்காது. நான் எந்தக் காலனி என்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாமலே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். வெட்கம், வேறொன்றுமில்லை. அனுமதி கேட்கும் ஆபீஸ் குறிப்பை நானே எழுதினேன்: 'பின்சுவரில் உள்ள கிறுக்கல்களை அகற்றி வெள்ளையடிக்க.' கிறுக்கல் என்ற சொல் அவர் சொன்னதல்ல. நான் போட்டது.

தார் லேசில் போகவில்லை. சுண்ணாம்பு காயக் காயப் பெயர்கள் பழுப்பாக மேலே வந்தன. பெயிண்டர் வந்து, "போவ மாட்டேங்குது சார், இன்னா பண்றது?" என்றார்.

"சுரண்டிட்டு இன்னொரு கோட் அடிங்க."

சுரண்டினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனைதான் இன்றைக்கும் போகவில்லை.

அம்மா சாகும்வரை அவ்வப்போது கேட்பாள்: "என் பேரு அங்க கீதாடா?"

"கீதும்மா" என்பேன்.

மூன்று மாதம் முன்பு கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை போனில் பேசினார். நூற்றாண்டு மலர் போடுகிறார்களாம்.

"சார், பேர் எழுதின சுவர் ஒண்ணு மழையில இடிஞ்சுபோச்சாமே, போட்டோ ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"மழையில போகலைம்மா. பேரையெல்லாம் அழிச்சது நான்தான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பெயரையும் சொன்னேன்.

"அதை அப்படியே போட முடியாது சார்."

மலர் நேற்று தபாலில் வந்தது. சாப்பாட்டுக் கூடம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள், அதற்கு ஒரு கலர் படம். இப்போது காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தேடினேன். அப்படி ஒரு பேச்சே இல்லை. சுவருக்கு ஒரே வரி: 'காலப்போக்கில் அழிந்துவிட்டது.' என்னைப் போல் ஒரு கிளார்க் எழுதியதாகத்தான் இருக்கும்.

கடைசிப் பக்கத்தில் தகவல் தந்து உதவியவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதில் என் பெயர் இருக்கிறது, எழுத்துப் பிழைகூட இல்லாமல். அம்மா பெயர் எங்கும் இல்லை.