விளக்கெண்ணெய்ச் சிவப்பு

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு வந்த கார்களுக்கு என்ன குறைச்சல்? பூசணிக்காய் மாதிரி உருண்ட உடம்பு. பச்சை, சந்தனம், அரக்கு என்று விதவிதமாக நிறம். என் கல்யாணச் சமயத்தில் கார் என்றால் சதுரப் பெட்டி, நிறம் என்றால் கறுப்பு. பெரியப்பா சேலத்தில் வாங்கி ஓட்டி வந்ததும் அப்படியொரு கறுப்புப் பெட்டிதான். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊருக்கு அதுவே முதல் கார்.

அந்தக் காரில் போய் மாப்பிள்ளை ஊரில் இறங்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. மாப்பிள்ளையைப் பற்றிக்கூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை.

அத்தைமார் குறுக்கே விழுந்தார்கள். “கறுப்பு வண்டியில கல்யாணப் பொண்ணா? ஆகவே ஆகாதுங்க!”

“எருமை என்ன வெள்ளையாங்க? அது பால மட்டும் குடிக்கறீங்க?” என்றார் பெரியப்பா. பேச்சில் அவர்தான் ஜெயித்தார். ஆனாலும் கோயிலில் இரு நிறப் பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒன்றை எடுத்து அம்மனிடம் பூக்கேட்கும்படி ஆயிற்று. வெள்ளைப் பூ வந்தால் நான் மாட்டு வண்டியில் போக வேண்டும். சிவப்பு வந்தால் காருக்குச் சிவப்பு அடித்துவிட்டு அதிலேயே போகலாம். பொட்டலத்தைப் பிரித்தால் செவ்வரளி! அம்மன் முன்னால் நின்று வெட்கமில்லாமல் சிரித்தேன்.

மாட்டு வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கிறவரை அழைத்து வந்தார்கள். வர்ணப்பொடி குழைக்க அவர் ஆளிவிதை எண்ணெய் கேட்டார். பெரியப்பா ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற மனிதர். “நம்மூட்டுல குடங்குடமா விளக்கெண்ணெய் கெடக்குது. கடை எண்ணெய் எதுக்குங்க?”

“அது காயாதுங்களே.”

“அடிக்கற வெயில்ல கல்லே காயுதுங்க!”

கதவு, ஏறுபடி, உள்பலகை என்று ஓரிடம் விடாமல் அடித்தார்கள். கதவில் இரண்டு கிளி வேறு. கண்கொள்ளாத அழகு! கல் காய்ந்தது, மண் காய்ந்தது, கார் மட்டும் காயவில்லை. கல்யாணத்தன்று காலையில் தொட்டுப் பார்த்தால் விரல் சிவந்தது.

“கூறைச்சேலை பாழாப் போயிரும். பேசாம மாட்டு வண்டியில ஏறு சாமி” என்றாள் பெரிய அத்தை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அம்மனே உத்தரவு கொடுத்த பிறகு விளக்கெண்ணெய் யார் என்னைத் தடுக்க? ஏறினால் காரில்தான், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல், சேலையில் பட்டுவிடாதபடி தலையிலிருந்து கால்வரை கோணிச்சாக்கைச் சுற்றி என்னை உள்ளே ஏற்றினார்கள். வழியெல்லாம் புழுதி வந்து ஒட்டியது. கிளிகள் மறைந்தே போயின. எனக்கு மூச்சு முட்டினாலும், போவது காரில் அல்லவா, உள்ளுக்குள் மகாராணிதான்.

மாப்பிள்ளை ஊரில் மேளம் கொட்டியது. ஊரே திரண்டு காரைச் சுற்றிக்கொண்டது. ஆரத்தித் தட்டோடு வந்த மாமியார் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம் திரும்பினார்.

“மூட்டைய அப்பறமா எறக்கிக்கலாமுங்க. பொண்ணு எங்கீங்க?”