முனிராஜைக் கூப்பிட்டது நான்தான்

பேய், பில்லி சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகவே சிரித்துவிடுகிற ஆள் நான். நம்பமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன், அப்போது ஓசூர் கம்பெனியொன்றில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தேன், தொண்ணூறுகளின் கடைசி, கம்பெனி முழுக்க இன்டர்நெட் இருந்த கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான், அதிலேதான் சவூதியில், தம்மாமில் இருக்கும் அண்ணனுக்கு மெயில் போடுவேன்.

அது ஒருநாள் படுத்துவிட்டது. பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எட்டாம் நாள்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து, சேர்ந்திருந்த மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அண்ணன் எப்போதும்போல் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார். ஐந்து நாளைக்கு முந்தைய ஒரு மெயிலின் முதல் வரி: “முனிராஜ் கை போனத படிச்சதும் நெஞ்சு பதறிடுச்சு தம்பி.”

முனிராஜ் என் ஷிஃப்ட் ஆபரேட்டர், போச்சம்பள்ளிப் பையன், கல்யாணமாகி இரண்டு மாதம். ஆபீஸ் ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிரஸ்ஸில் நின்று வேலை செய்துகொண்டிருந்தான், இரண்டு கையும் இருந்தன. எனக்குச் சிரிப்புகூட வந்தது. அப்புறம்தான் பட்டன் கண்ணில் பட்டது.

இரண்டு பட்டனையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. எங்கள் ஆட்கள் ஒரு பட்டனைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, ஒரு கையால் அழுத்தி மறு கையால் பீஸை எடுப்பார்கள், டார்கெட் சீக்கிரம் முடியும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவன் நான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மெயிலைப் பாதியில் விட்டு ஓடினேன், ஓடிக்கொண்டே கத்தினேன், “டேய் முனிராஜ்!”

திரும்பினான். இடது கை உள்ளே இருந்தது, வலது கை பட்டனை அழுத்திவிட்டது. அந்தச் சத்தம், எலும்பு நொறுங்கும் சத்தம், வேண்டாம். என் சட்டையெல்லாம் ரத்தம். பிரஸ்ஸைத் தூக்கிப் பார்த்தபோது மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில், என் மடியில் தலை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“எதுக்கு சார் கூப்ட்டீங்க?”

மறுநாள் அண்ணனுக்குப் போன் போட்டேன். “என்னடா தம்பி, நீ எழுதுனதுக்குத்தானே பதில் போட்டேன்?” என்றார். கம்ப்யூட்டரே பெங்களூரில் இருந்தபோது நான் எங்கே எழுதுவது? நான் அனுப்பிய மெயில்களில் தேடினேன், அப்படி ஒன்றும் இல்லை. அண்ணனும் தேடிவிட்டார், அவரிடமும் கிடைக்கவில்லை.

அன்றைக்குத்தான் அண்ணனுடைய அந்த மெயிலின் மிச்சத்தைப் படித்தேன்.

“நீ கூப்ட்டதாலதான் அவன் திரும்புனான்னு எழுதியிருக்க. நீ என்ன வேணும்னேவா கூப்ட்ட? மனச போட்டு உடைச்சிக்காத.”

இத்தனை வருஷமாகியும் பின்னாலிருந்து யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என் மகள் ரோட்டைக் கடக்கும்போதுகூட, முன்னால் ஓடிப்போய்த்தான் நிற்கிறேன்.