பிச்சுமணியின் ஓட்டைக் காலணா

எண்பதுகளில் நியூஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து என்னோடு ஒரே காரில் வேலைக்கு வந்த பிச்சுமணிக்கு ஒரே ஒரு பைத்தியம்தான். சனிக்கிழமை விடிந்தால் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மற்றவர்கள் புல் வெட்டும் நாளில் இவர் புல்லைத் தோண்டுவார். மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட், ஐம்பது வயது, மாயவரத்துக்காரர். யாராவது "கல்கத்தாவா, பம்பாயா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. பேப்பர் நாப்கினில் மேப் போட்டு மாயவரத்தைக் காட்டிவிட்டுத்தான் விடுவார்.

அவர் தேடியது, அமெரிக்கா பிறந்த புதிதில் நியூஜெர்சிக்கென்று அடித்த செப்புக் காசு. குதிரைத் தலையும் ஏரும் போட்டிருக்கும். நாணயச் சங்கக் கூட்டத்தில் மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றைப் பெருமையாக மேஜைமேல் வைப்பார்கள். இவருக்குக் கிடைத்ததெல்லாம் சோடா மூடிதான்; அதையா வைக்க முடியும்? சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனாலும் நான் கேலியை விட்டதில்லை.

எண்பத்தாறு வசந்தத்தில், அவர் பக்கத்து வீட்டு ஹெலன் தன் பின்தோட்டத்தில் தேட அனுமதி கொடுத்தாள். "எது கிடைத்தாலும் என்னிடம் சொல்" என்றாள், அவ்வளவுதான். தக்காளிப் பாத்தியோரம் கருவி கத்தியது. தோண்டினால் செம்பு! கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்தார். நடுவில் பெரிய ஓட்டை, மேலே ஒரு கிரீடம், 'இந்தியா', 1944. ஓட்டைக் காலணா! சின்ன வயதில் கடலை மிட்டாய்க்கு நீட்டிய அதே காசு.

"ஹெலன் கிட்ட சொல்ல வேண்டாமா, ன்னா?" என்று கேட்டாள் அவர் மனைவி ஸ்வர்ணா.

"இதைப் போய் சொல்றதா? சிரிப்பா. ஊர்ல இதை வாஷரா யூஸ் பண்ணுவோம்டி."

சொன்னபடியே செய்தார். வாசலில் ஆடிக்கொண்டிருந்த மெயில்பாக்ஸின் ஸ்க்ரூவுக்கு அடியில் காலணாவைக் கொடுத்து முடுக்கினார். பெட்டி அசையாமல் நின்றது. என்னிடம்கூட, "எப்படி ஓய் என் இன்ஜினியரிங்?" என்று காட்டினார்.

இலையுதிர் காலத்தில் ஹெலனின் கணவர் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் படுத்தார். உடம்பைவிட நினைவுதான் முதலில் போயிற்று. ஒரு மாலை, தபால் எடுக்க வந்த பிச்சுமணியிடம் ஹெலன் நின்று பேசினாள்.

"என்னையே யாரென்று கேட்கிறார். நாள் முழுக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறார். யுத்தத்தில் சிப்பாயாகக் கல்கத்தாவில் இருந்தார். ஓட்டை போட்ட செப்புக் காசு ஒன்றைக் கொண்டுவந்து கயிற்றில் கோத்துப் போட்டிருந்தார். தோட்டத்தில்தான் எங்கேயோ அறுந்து விழுந்தது. போவதற்குள் அது அவர் கைக்குக் கிடைத்தால் போதும் எனக்கு. அதற்காகத்தான் உன்னைத் தேட விட்டேன். என்ன காசு என்று சொன்னால் நீயும் சிரிப்பாயோ என்று விட்டுவிட்டேன்."

பிச்சுமணியின் கை மெயில்பாக்ஸ்மேல் இருந்தது. அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. உள்ளே ஓடி ஸ்க்ரூடிரைவரோடு வந்து, காசைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "வசந்தத்திலேயே கிடைத்தது, ஹெலன். ஒன்றுக்கும் உதவாத காசு என்று நினைத்துவிட்டேன்."

தினமும் கடந்து போன பெட்டியையும் காசையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கோக்கக் கயிறு தேடியபோது பிச்சுமணி வீட்டில் எதுவும் அகப்படவில்லை. ஸ்வர்ணா பூஜை அலமாரியிலிருந்து மஞ்சள் நோன்புச் சரடு ஒன்றைக் கொண்டுவந்தாள். என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஹெலன் சரடைக் கணவர் கழுத்தில் போட்டுவிட்டாள். ஜார்ஜ் கண்ணைத் திறக்கவில்லை. அவர் கட்டைவிரல் மட்டும் மெல்ல ஊர்ந்து வந்து ஓட்டையைக் கண்டுபிடித்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவியது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். கட்டிலருகே நின்ற பிச்சுமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"கல்கத்தாவா?"

நான் பிச்சுமணியைப் பார்த்தேன். கல்கத்தாவை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை.

"ஆமாம் சார்," என்று ஜார்ஜின் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்கத்தாதான்."