வலப்பக்கம் திரும்பாதவள்

கடைத்தெருவில் அவளைக் கர்ட்டன் அக்கா என்றுதான் சொல்வார்கள். வயது அறுபத்தெட்டு. ஜன்னலை அளப்பது, துணி வெட்டித் தைப்பது, கடைசியில் ஸ்டூலில் ஏறிக் கம்பியில் மாட்டுவது எல்லாமே அவள் கைவேலை. அளவெடுக்கும்போது மட்டும் பேச மாட்டாள். மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாது. கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளுடைய கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் இருவரும் குடியிருந்தார்கள்.

ஒருநாள் காலையில் எழலாம் என்று படுக்கையில் வலப்பக்கம் புரண்டாள். அறை சுற்றியது. அலமாரியும் மின்விசிறியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

அறைக்குள் எட்டிப் பார்த்த கணவர், "என்ன, முகம் வெளுத்திருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. சரியாத் தூங்கல."

அவளுடைய அக்காவுக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்துபோயிருந்தது. தனக்கும் அதேதான் ஆரம்பம் என்று முடிவு கட்டிவிட்டாள். வெளியூரில் இருக்கும் மகன் காதுக்குப் போனால் கடையைப் பூட்டச் சொல்லிவிடுவான். ஆகவே மூச்சு விடவில்லை.

வலப்பக்கம் புரண்டாலும் அண்ணாந்து பார்த்தாலும் தலை சுற்றியது. யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினாள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை தூக்கத்தைத்தான் கொடுத்தது. பகலிலும் கால் தள்ளாடியது. படுக்கப் பயந்து, கூடத்து நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கினாள்.

தன்மேல்தான் ஏதோ கோபம் என்று கணவர் நினைத்தார்.

"நான் குறட்டை விடுறேனா?"

"எப்பவும் விடுறதுதானே."

"அப்புறம் எதுக்கு நாற்காலியோட குடித்தனம்?"

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

பிறகு, ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஸ்டூலில் நின்று அண்ணாந்து கொக்கி மாட்டிக்கொண்டிருந்தபோது சுவர் சாய்ந்தது. திரையைப் பிடித்தாள். கம்பி பெயர்ந்து வர, திரையும் அவளுமாகக் கீழே இருந்த சோபாவில் வந்து விழுந்தார்கள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. வீட்டுக்காரம்மா போன் செய்து கணவரை வரவழைத்தாள். அவர் வந்த பிறகுதான் கர்ட்டன் அக்கா தலைசுற்றலைப் பற்றி வாய் திறந்தாள்.

"பிரேக் போன வண்டியை யாராவது சொல்லாம ஓட்டுவாங்களா?" என்று கத்தினார் அவர். கத்திவிட்டு, விழுந்து கிடந்த திரையைக் கோணல்மாணலாக மடிக்க ஆரம்பித்தார்.

அவர் அழைத்துப்போன மருத்துவமனையில், தலைசுற்றல் என்றதும் காது மருத்துவரிடம் அனுப்பினார்கள். மருத்துவர் சின்ன வயதுப் பெண். பேச்சு குழறியதா, பார்வை இரட்டையாகத் தெரிந்ததா, கை கால் மரத்ததா என்று கேட்டாள். கைகளை நீட்டச் சொல்லி, நடக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்புறம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சுத்தும். கண்ணை மட்டும் மூடாதீங்க, அம்மா."

சட்டென்று மல்லாக்கச் சாய்த்தாள். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கியது. அவள் அலறினாள்.

"ஐயோ, கருவிழி துள்ளுதே!" என்றார் கணவர்.

"அதைத்தான் தேடினேன். இது பக்கவாதம் இல்ல. உள்காதுல பொடி மாதிரி துகள் இருக்கும். வயசாக ஆக அது இடம் நழுவி, பக்கத்துல இருக்கற வளைஞ்ச குழாய்க்குள்ள போயிடும். தலையைத் திருப்பினா அங்க உருளும். நீங்கதான் சுத்தறீங்கன்னு மூளை ஏமாந்துபோகும்."

"அப்ப அந்த மாத்திரை?"

"அது துகளைத் தள்ளாது. தள்ளாட்டத்தைத்தான் கூட்டும். விட்டுடுங்க."

சுற்றல் அடங்கும்வரை அப்படியே வைத்திருந்து, தலையை இடப்புறம் திருப்பினாள். பிறகு உடம்பையும் இடப்பக்கமாகப் புரட்டி, முகம் தரையைப் பார்க்க வைத்தாள். ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் காத்திருந்து, கடைசியில் மெல்ல எழுப்பி உட்கார வைத்தாள். "வலது காதுக்கு இப்படி. இடதுன்னா எல்லாம் மறுபக்கம்," என்றபடி மறுபடியும் ஒருமுறை செய்தாள். மூன்றாவதாகச் சாய்த்தபோது கூரை கூரையாகவே இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் கர்ட்டன் அக்கா. கொஞ்சம் ஏமாந்த மாதிரிகூட இருந்தது.

துகள் போய்விட்டது. பயம் அத்தனை சுலபத்தில் போகவில்லை. வீடு வந்த பிறகும் சிலைபோலக் கழுத்தை நேராகவே வைத்துக்கொண்டிருந்தாள். தலையை வழக்கம்போல அசைத்தால்தான் உடம்பு பழையபடி நிதானத்துக்கு வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தாள். கணவர் வேண்டுமென்றே வலப்பக்கம் நின்று பேச்சுக் கொடுத்தார். முதலில் எரிந்து விழுந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தே எரிந்து விழுந்தாள். சில வாரங்களில் கட்டிலுக்குத் திரும்பினாள். ஸ்டூல் ஏற மட்டும் ஒரு ஆளை வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் மறுபடியும் சுற்றியது. திரும்ப வரக்கூடும் என்று முன்பே கேள்விப்பட்டிருந்ததால் இந்த முறை அவள் பதறவில்லை.

"படு, நானே செஞ்சு விடுறேன். பார்த்ததுதானே," என்றார் கணவர்.

"பஸ்ஸைத் திருப்புற மாதிரி என் கழுத்தைத் திருப்பவா? நீங்க சும்மா இருங்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

போனதே நல்லதாயிற்று. இந்தத் தடவை இடது காது.