பற்றரி தின்னும் பெட்டி

அத்தானின் படகுக்கென்று நானே வரைந்து, நானே ஈயம் வைத்து ஒட்டிய சர்க்கிட் போர்ட் அது. வேறெந்தப் பொருளும் என்னை இந்த அளவுக்கு அவமானப்படுத்தியதில்லை.

அக்காவின் புருசனான அத்தான் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும்போது கைபேசி கொண்டுபோவதில்லை. கொண்டுபோன இரண்டையும் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டது. அதனால் போர்ட், சிம், பற்றரி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தேன். அக்கா அந்த இலக்கத்துக்கு ஒரு மிஸ்கோல் அடித்தால் பெட்டி விழித்து, செய்மதியைத் தேடி, படகு நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக அவளுக்கு அனுப்பும். இயந்திரம் பழுதாகிப் படகு கொட்டியாற்றுக் குடாவை விட்டு வெளியே இழுபட்டால், எங்கே தேடுவது என்றாவது தெரியவேண்டுமே. அவசரத்துக்கு மட்டும் என்று அக்காவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். மற்ற நேரமெல்லாம் பெட்டி தூங்கும். தூங்கினால் பற்றரி இரண்டு கிழமை தாங்கும்.

இரண்டு நாள் தாங்கவில்லை.

மீன் கொண்டு நகரத்துக்கு வரும்போதெல்லாம் அத்தான் உட்துறைமுக வீதியில் இருக்கும் என் அறைக்கு வந்து பெட்டியை மேசையில் வைப்பார். "பிள்ளை, உன்ர சாமான் திரும்பவும் படுத்திட்டுது."

உப்புக்காற்றின் வேலை என்று நினைத்து போர்ட்டை ஸ்பிரிட்டில் கழுவினேன். மின்னழுத்தத்தைச் சீராக்கும் துண்டை மாற்றினேன். சின்னச் சிவப்பு லைட் ஒன்று வீணாக எரிகிறதென்று அதைப் பிடுங்கி எறிந்தேன். ஒவ்வொரு தடவையும் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு பெட்டி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று பார்க்க மீற்றரைக் கொழுவுவது என் பழக்கம். மீற்றரும் இருந்தும் இல்லாததுபோல ஓர் இலக்கத்தைக் காட்டும். திரும்பக் கடலுக்குப் போனால் செத்துவிடும். என் மேசையில் யோக்கியன், கடலில் ஊதாரி. எனக்கு வந்த எரிச்சலில் சாப்பாடுகூடப் பிடிக்கவில்லை.

கடைசியில் ஒரு காலை பெட்டியைப் பறித்து வைத்துக்கொண்டேன். "இண்டைக்கு இதை விட்டுட்டுப் போங்கோ அத்தான். இதின்ர குடலை உருவிப் பாக்கப்போறன்."

"அக்காவிட்டச் சொல்லாத. பெட்டி இல்லையெண்டால் கடலுக்குப் போக விடமாட்டா."

கட்டைபறிச்சானில் இருக்கும் வீட்டுக்குப் போகாமல், பின்னேரம் இங்கிருந்தே தொழிலுக்குப் போய்விட்டார்.

அன்று இருந்த கோபத்தில் சிம்மைக் கழற்றாமலே மீற்றரைக் கொழுவினேன். பொழுது சாயும்வரை அசைவில்லை. பிறகு திடீரென்று இலக்கம் எகிறியது. கொஞ்ச நேரம் நின்று, பழையபடி இறங்கியது. வயர்களை அழுத்தினேன், ஊதினேன், தூசணத்தால் ஏசினேன். மறுபடியும் எகிறியது. அதன் பிறகும் விட்டு விட்டு எகிறிக்கொண்டே இருந்தது. மடிக்கணினியைக் கொழுவி, போர்ட் என்னதான் செய்கிறது என்று பார்த்தேன். அழைப்பு வந்தது, இடம் அனுப்பப்பட்டது. அழைப்பு வந்தது, இடம் அனுப்பப்பட்டது. எல்லாம் ஒரே இலக்கம். அக்காவின் இலக்கம்.

உடனே அவளுக்கு அடித்தேன். "அக்கா, அந்தப் பெட்டிக்கு எத்தினை தரம் மிஸ்கோல் அடிக்கிறனீ?"

"ஏன், அடிச்சால் அது மறுமொழி தருதுதானே."

"அவர் எங்க நிக்கிறாரெண்டு பாக்கிறனியோ?"

"அந்த இலக்கமெல்லாம் எனக்கு விளங்காது. டிங் எண்டு வந்தால் ஆள் பத்திரமா இருக்கிறார். அதுக்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்."

எத்தனை கிழமை! நல்ல போர்ட்டைச் சுட்டுக் கரியாக்கி, கண்ணையும் கெடுத்துக்கொண்டு, இல்லாத ஓட்டையைத் தேடியிருக்கிறேன். வாயை அடக்க முடியவில்லை.

"அந்தப் பெட்டி காலமையில இருந்து என்ர மேசையில கிடக்குது! இண்டைக்கு உனக்கு டிங் எண்டு வந்ததெல்லாம் இங்க இருந்துதான்!"

அவளும் பதிலுக்கு ஏசுவாள் என்று காத்திருந்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப அவர் எங்க?"

யன்னலுக்கு வெளியே துறைமுகம் இருண்டு கிடந்தது. எனக்கு என்ன தெரியும்? "விடிய வந்திடுவார் அக்கா" என்றேன். அவள் தொடர்பைத் துண்டித்தாள். நான் அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

அப்போது மீற்றர் எகிறியது.

பெட்டி என் மேசையில் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் அடிக்கிறாள். இறங்கியது. திரும்பவும் எகிறியது. சிம்மைக் கழற்றக் கை போனது. கழற்றவில்லை.

விடிய அத்தான் கதவைத் தட்டியபோது பற்றரி செத்துக் கிடந்தது.

"பிழை பிடிபட்டுதோ பிள்ளை?"

"ஓம்" என்று சொல்லி, என் கைபேசியில் அக்காவின் இலக்கத்தை அழுத்தி அவர் கையில் கொடுத்தேன்.