ஜெயம்மா தைத்த மயில் பெட்டி

கௌரியம்மாளும் அவள் கொழுந்தன் பெண்டாட்டி ஜெயம்மாவும் கே.ஜி.கண்டிகையில் ஒரே வீட்டில் இருந்தார்கள். கௌரியம்மாள் புருஷனை இழந்தவள், பிள்ளையில்லை. ஜெயம்மாவின் புருஷன் ராஜவேலு கைக்குழந்தை சந்திராவை அவளிடம் விட்டுவிட்டு, யுத்தகாலக் கூலி வேலைக்குப் பட்டணத்துத் துறைமுகத்துக்குப் போயிருந்தான். கழனி வேலை இல்லாத நாட்களில் இருவரும் விழல் புல்லை வளையம் வளையமாகச் சுற்றி, ஈச்ச ஓலையால் இறுக்கித் தைத்து, வெற்றிலைப் பெட்டியும் பூக்கூடையும் சுவரில் மாட்டும் தட்டும் செய்வார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் விரித்தால் காவடிக்காரர்கள் வாங்கிப் போவார்கள்.

கௌரியம்மாளின் தையல் உறுதியானது. அழகெல்லாம் ஜெயம்மாவுடையது. சாயம் தோய்த்த ஓலையை இடையிடையே விட்டு, மூடியில் மயிலை உட்கார வைத்துவிடுவாள்.

நாற்பத்து மூன்றாம் வருஷக் கிருத்திகைக் கூட்டத்தில் வாந்திபேதி பரவியது. கடை விரித்த மறுநாளே ஜெயம்மா படுத்தாள். விற்காமல் திரும்பிய பெட்டிகளுக்கு நடுவிலேயே கிடந்தாள். பொழுது சாய்வதற்குள் கண் குழிந்து, குரல் தேய்ந்துவிட்டது.

"கொழந்தைய தூக்கிக்கினு வெளிய போய்டுக்கா" என்றாள். விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

சுகாதாரக்காரர்கள் வந்து பாய், துணி, பெட்டி எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார்கள். கௌரியம்மாளே கொண்டுவந்து நெருப்பில் போட்டாள். ஓலை சடசடவென்று பிடித்துக்கொண்டது. மயில் பெட்டி ஒன்றை மட்டும் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகினாள். தாய் முகம் தெரியாமல் வளரப்போகும் பெண்ணுக்கு இதுவாவது இருக்கட்டும் என்று நினைத்தாள்.

இரண்டொரு நாளில் மனம் கேட்காமல் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் முளைக்கும் வயதிலிருந்த சந்திரா தவழ்ந்து வந்து மூடியைப் பற்றி வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. கௌரியம்மாள் பதறிப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது. அதன் வாயைக் கழுவிவிட்டு, பெட்டியை அடுப்பில் செருகினாள். அது எரிவதைப் பார்க்க முடியாமல் குழந்தையோடு வெளியே போய் நின்றாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பல நாள் அதன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ராஜவேலு வந்து சேர்ந்தான்.

"அவ கையால செஞ்சது ஒண்ணாவது மிச்சம் கீதா, அண்ணி?"

"எல்லாம் எரிச்சாச்சுப்பா."

தன் கையாலேயே அடுப்பில் வைத்ததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் மகளைச் சற்று நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, மாலை ரயிலுக்குப் போனான். பிறகு பட்டணத்திலேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். வருவது குறைந்து, ஒரேயடியாக நின்றும் போனது.

சந்திரா பேசத் தொடங்கியபோது கௌரியம்மாளைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். தைத்துக்கொண்டிருந்த கௌரியம்மாள் ஊசியைக் கீழே வைத்தாள். அன்று முழுவதும் அதை மறுபடி எடுக்கவில்லை.